சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மேட்ச்

இந்த எபிசோடில் நம்ம ஊர் விஷயம் ஒன்று பேசலாம்.

திருச்சியில் காலேஜுக்குப் பஞ்சமே கிடையாது. நாகப்பட்டினத்தில் 1844-இல் ஆரம்பித்து 1883-இல் இங்கே வந்து சேர்ந்த ஜோசப் காலேஜ், 1919-இல் வந்த நேஷனல் காலேஜ், ஜமால், ஹீபர், ஹோலி கிராஸ், ஸ்ரீரங்கம் பக்கம் ஆண்டவன் காலேஜ். ஆனால் ஒரு பழைய மாணவரிடம், "உங்க காலேஜ் வாலிபால் டீம்ல இப்ப யார் ஆடுறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்.

இதற்கு ஒரு காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் இந்தப் பிள்ளைகள் ஆடுவது பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பேரில். 1982-இல் வந்த பல்கலைக்கழகம் அது. திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் அதற்கு இணைப்புக் கல்லூரிகள். அங்கிருந்தெல்லாம் நன்றாக ஆடுகிறவர்களைப் பொறுக்கி டீம் போடுவார்கள். அந்த டீம் தென்மண்டலப் போட்டிக்கு எங்கோ வெளியூருக்கு ரயில் ஏறும். ஆனால் நம்மில் யார் "நான் பாரதிதாசன் யுனிவர்சிட்டி" என்று மார்தட்டுகிறோம்? "நான் ஜோசப்", "நான் ஜமால்" என்றுதான் சொல்லுவோம். பாசம் ஓரிடம், பனியன் வேறிடம். யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் சேரணும்னா காலேஜ் கிரவுண்டிலிருந்துதான் ஆரம்பிக்கணும் என்பது என் கட்சி.

"ஐ.பி.எல். இருக்கும்போது காலேஜ் மேட்ச் யார் சார் பார்ப்பா?" என்பார்கள். யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904-இல் தொடங்கிய கிரிக்கெட் ஆட்டம். 'வடக்கின் போர்' என்று பேர். பேரில்தான் கல்லூரி, ஆடுகிறவர்கள் பள்ளிக்கூடப் பையன்கள். ஆனால் கொடியும் வாத்தியமுமாக மைதானம் நிறையும். கடல் கடந்து போன பழைய மாணவர்கள்கூட லீவு போட்டுக்கொண்டு வருவார்கள். யுத்தம் பார்த்த ஊர் அது. அங்கே முடிகிறதே!

ரகசியம் பெரிசாக ஒன்றுமில்லை. மார்ச் வந்தால் ஆட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். நம்ம ஸ்ரீரங்கமும் அதைத்தானே சொல்லுது? வைகுண்ட ஏகாதசிக்கு விடியற்காலையில் பரமபத வாசல் திறக்கும். யாரும் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவதில்லை. நாள் தெரியும், இடம் தெரியும், ஜனம் வந்துவிடும். நம்ம இன்டர் காலேஜ் மேட்ச் என்றைக்கு என்பது பி.டி. சாருக்கும் டீமுக்கும் மட்டும்தான் தெரியும். அதுவும் வேலை நாளில், வேலை நேரத்தில்.

அதனால் என் யோசனை இதுதான். பழைய மாணவர் சங்கம் வருஷத்துக்கு ஒரு நாள் கூடுகிறது. மேடை, பொன்னாடை, மதியச் சாப்பாடு, குரூப் போட்டோ, கலைந்து போய்விடுகிறோம். அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு மேட்ச் வையுங்கள். ஒவ்வொரு வருஷமும் அதே நாள், அதே எதிரணி. வாலிபாலோ கபடியோ, ஒரே ஆட்டம் போதும். ஆடுகிற பிள்ளைகளின் பேரையும் ஊரையும் மைக்கில் சொல்லுங்கள். நன்கொடை ரசீது புத்தகத்தை அன்றைக்கு வெளியே எடுக்கவே வேண்டாம். முகம் தெரிந்த பிள்ளைக்கு ஷூ வாங்கித் தர ஆள் தானாக வரும்.

இது வெறும் கைதட்டல் சமாச்சாரம் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 ரிலேயில் 3 நிமிடம் 00.25 விநாடியில் ஆசிய சாதனை செய்த அணியில் லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் ஓடினார். கலப்பு ரிலேயில் திருச்சி சுபா வெங்கடேசன் ஓடினார். ஜெயித்து வந்தவர்களுக்கு மாலை போட நாம் எல்லோரும் ரெடி. ஆனால் மணப்பாறையிலிருந்தும் முசிறியிலிருந்தும் பஸ் ஏறி வந்து காலி கேலரி முன்னால் ஆடுகிற பெண் இருக்கிறாளே, டிகிரி முடிந்ததும் "விளையாண்டது போதும்மா" என்று வீட்டில் சொல்லும்போது அவள் பக்கம் பேச யார் இருக்கிறார்கள்? நானூறு பேர் எழுந்து நின்று தன் பெண்ணுக்குக் கைதட்டுவதை ஒருமுறை பார்த்த அப்பா, அந்த வார்த்தையைச் சொல்லும் முன்னால் கொஞ்சம் யோசிப்பார். அந்த யோசனைக்காகத்தான் இவ்வளவும்.

உங்க காலேஜ் சங்கத்தில் அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கும்போது, பக்கத்திலேயே மேட்ச் என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.