சதுப்பு நீரின் கவசக் கெளுத்தி



டிரினிடாட் தீவில் ஒரு நம்பிக்கை உண்டு. கஸ்கடூரா மீனைச் சாப்பிட்டவர் எந்தச் சீமைக்குப் போனாலும் கடைசிக் காலத்தில் அந்தத் தீவுக்கே திரும்பி வந்துவிடுவாராம். மெட்ராஸிலிருந்து அங்கே குடியேறிய ஒரு தமிழரின் மகன் எழுத்தாளர் சாமுவேல் செல்வன். 1972-இல் அவர் எழுதிய நாவலின் தலைப்பிலேயே இந்த மீன் இருக்கிறது. பக்கத்துக் கயானாவில் இதே மீனுக்கு ஹஸ்ஸார் என்று பெயர். இரண்டு நாட்டிலும் தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தால் வீடே கூடிவிடும்.

இது கெளுத்தி இனம்தான். ஆனால் நம் ஊர்க் கெளுத்தியைப் போல வழவழவென்று இருக்காது. ஒரு சாண் நீளம். வாயோரம் இரண்டு ஜோடி மீசை. பக்கத்துக்கு இரண்டு வரிசையாக எலும்புத் தகடுகள், கூரையில் ஓடு வேய்ந்தது மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். சமைக்கும்போது தகட்டோடுதான் கொதிக்கவிடுவார்கள். தட்டில் விழுந்த பிறகு விரலால் உரித்துவிட்டுச் சதையை எடுக்க வேண்டும்.

கவசத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த மீனின் பெரிய சாமர்த்தியம் அதன் குடலில் இருக்கிறது. அது வாழும் சதுப்பு நீர் வெதுவெதுப்பானது. இலைதழை அழுகி ஆக்சிஜன் அற்றுப்போனது. மற்ற மீன்கள் திணறிப்போகும் அந்த நீரிலிருந்து இது சட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு அடியில் போய்விடும். காற்று குடலின் பின்பகுதிக்குப் போகிறது. அங்கே சுவர் மெல்லியது, இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கிறது. மிஞ்சிய காற்று ஆசனவாய் வழியே வெளியேறுகிறது. சாப்பாடும் மூச்சும் ஒரே பாதையில்! மீன் தொட்டிகளில் நாம் வளர்க்கும் சின்னஞ்சிறு கோரிடோராஸும் இதே குடும்பம், இதே பழக்கம். அதனால் தொட்டியை விளிம்புவரை நிரப்பி மூடிவிடாதீர்கள். மூடிக்கும் நீருக்கும் நடுவே கொஞ்சம் காற்று இருக்கட்டும்.

கஸ்கடூரா மூச்சு விட்டுக்கொள்ளும், சரி. முட்டைக்கு என்ன வழி? மழைக்காலம் தொடங்கியதும் ஆண் மீனின் நெஞ்சுத் துடுப்பு முள் தடித்துச் சிவந்து, நுனி மேல்நோக்கி வளைகிறது. புல் மண்டிய இடமாகப் பார்த்து நீர்ப்பரப்பில் நுரை சேர்த்து, இலையும் புல்லும் வைத்து மிதக்கும் கூடு ஒன்றைக் கட்டுகிறது. ஒரே கூட்டில் பெண் மீன்கள் பல வந்து முட்டையிடுவதும் உண்டு. முட்டைகள் நுரைக்குள் நீர்மட்டத்துக்கு மேலேயே இருப்பதால் காற்றிலிருந்து நேராக ஆக்சிஜன் கிடைக்கிறது. இரண்டு மூன்று நாளில் குஞ்சு பொரியும்வரை தகப்பன் அடியிலேயே காவல் நிற்கும். எது நெருங்கினாலும் முள்ளை விரித்துக்கொண்டு பாயும்.

அந்தக் கோபமே அதற்கு எமன். 1828-இல் இந்த மீனுக்கு அறிவியல் பெயர் சூட்டிய ஹான்காக், கயானாவின் டெமராரா பகுதியில் அதைப் பிடிக்கும் விதத்தையும் எழுதினார். கூட்டுக்குப் பக்கத்தில் நீருக்குள் கைகளை விட்டுக் கலக்குவார்களாம். சீறிப் பாயும் ஆண் மீன் நேராகக் கையில் சிக்கிவிடும். அப்படி ஒரு தகப்பனை எடுத்தால் அந்தக் கூட்டின் முட்டை அத்தனைக்கும் காவல் போய்விடுகிறது. முட்டையிடும் காலத்திலாவது கூட்டில் கை வைக்காமல் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கூட்டுக்கு மட்டுமல்ல, சதுப்புக்கே ஆபத்து வந்ததும் உண்டு. டிரினிடாடின் கிழக்குக் கரையில் நரிவா சதுப்பு நிலம் இருக்கிறது. கஸ்கடூராவுக்குப் பேர்போன இடம். சென்ற நூற்றாண்டின் கடைசியில் பெரிய நெல் பண்ணைக்காரர்கள் அனுமதியில்லாமல் அங்கே புகுந்து கால்வாய் வெட்டி நீரோட்டத்தையே மாற்றினார்கள். 1996-இல் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு அந்தச் சதுப்பை மீட்கும் வேலை தொடங்கியது. நீரைத் தேக்கி, மரக்கன்றுகள் நட்டதில் சுற்றுவட்டாரக் கிராமத்தாரும் சேர்ந்துகொண்டார்கள்.