அன்றாடத் துணையும் நமது அமானிதமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பள்ளிவாசலின் வரவு செலவு பற்றிப் பேசும் இச்சபையில், கணக்கேட்டில் இடம்பெறாத ஒரு பொறுப்பைக் குறித்தும் நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். உடற்குறையாலோ அறிவு வளர்ச்சிக் குறையாலோ, பிறர் துணையின்றி அன்றாடக் காரியங்களை முடித்துக்கொள்ள இயலாத பெண்களைப் பற்றியதே அது.

உதவி என்றதும் சக்கர நாற்காலியும் பெருநாள் துணிமணியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை ஒரு நாளில் கொடுத்து முடிப்பவை. இப்பெண்களின் தேவையோ ஒவ்வொரு வைகறையிலும் புதிதாகத் தொடங்குவது. படுக்கையிலிருந்து எழுப்ப வேண்டும். கழிவறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குளிப்பாட்டி, உடுத்தி, தலைவாரி, உளூச் செய்வித்து, உணவூட்ட வேண்டும். அசைய முடியாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். இரவிலும் இப்பணிக்கு ஓய்வில்லை.

ஆண் மகனுக்கு இத்தகைய நிலை ஏற்பட்டால் தாயும் மனைவியும் சகோதரியும் துணை நிற்பர்; தூக்கிவிட உடன்பிறந்தோரும் தோழர்களும் வருவர். பெண்ணுக்கோ அவ்ரத்தையும் வெட்கத்தையும் பேணித் துணை புரிய ஒரு பெண்ணே வேண்டும். பெரும்பாலும் அப்பெண் அவளுடைய தாயாகவே இருக்கிறாள். தாய்க்கு மூப்பு வந்து முழங்கால் தளர்ந்தபின் அப்பாரம் தங்கையின் தோளில் ஏறுகிறது. அதனால் அவளுடைய படிப்பு நிற்கிறது; நிக்காஹ் தள்ளிப்போகிறது. வீட்டு ஆண்கள் பொருள் தேடிச் சபர் சென்றிருக்கும் இல்லங்களில் இந்நிலை இன்னும் கடுமையானது. "என் மவுத்துக்குப் பின் இவளை யார் பார்ப்பார்?" என்பதே இத்தகைய தாய்மார்களின் ஓயாத கவலை.

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2.68 கோடிப் பேர். அவர்களுள் பெண்கள் சுமார் 1.18 கோடிப் பேர். ஒவ்வொரு மஹல்லாவிலும் இவர்களுள் சிலர் இருக்கவே செய்வர். ஆனால் ஜமாஅத் பதிவேடு தலைக்கட்டு முறையில் எழுதப்படுவது. சந்தா செலுத்தும் ஆணின் பெயர் அதில் இருக்கும். நிக்காஹ் நடந்த பெண்ணின் பெயர் நிக்காஹ் தஃப்தரில் இருக்கும். மணமாகாது வீட்டினுள் இருக்கும் இச்சகோதரியின் பெயர், ஜனாஸா அறிவிப்பின்போதுதான் முதன்முதலாகப் பள்ளிவாசலில் ஒலிக்கிறது.

அன்பர்களே! மதீனாவில் அறிவு தடுமாறிய பெண்ணொருவர் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து தமக்கொரு தேவை உண்டு என்றார். எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அதைத் தேர்ந்துகொள்ளுமாறு அண்ணலார் அவரிடமே கூறி, அவர் தேவை முடியும்வரை உடன் நின்றார்கள். அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. உதவி செய்தது ஒருபுறமிருக்க, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அப்பெண்ணிடமே விட்டார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

வலிப்பு நோயுற்ற பெண்மணியின் வரலாறு ஸஹீஹ் புகாரியில் உள்ளது. சுவனத்திற்காகப் பொறுமையை ஏற்றுக்கொண்ட அவர், நோய் வரும் வேளையில் தம் ஆடை விலகாதிருக்க துஆச் செய்யுமாறு வேண்டினார். நபியவர்களும் துஆச் செய்தார்கள். நோயைப் பொறுத்துக்கொண்டவர் மானத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நமது சகோதரிகளின் கோரிக்கையும் இதுவே.

கி.பி. 705 முதல் 715 வரை ஆட்சி செய்த கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக், நடக்க இயலாதோருக்குப் பணியாளரையும் பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும் நியமித்ததாக வரலாற்றாசிரியர் தபரீ குறிப்பிடுகிறார். துணையாளை அமர்த்துவது பொதுக் கருவூலத்தின் கடமை எனக் கருதப்பட்ட காலம் அது.

இன்றைய சட்டமும் வழி காட்டுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதன் 38ஆம் பிரிவின்படி, 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு உள்ளவர் தமக்கு உயர்நிலை ஆதரவு தேவையெனக் கருதினால் அதற்கு விண்ணப்பிக்கலாம்; அவர் சார்பில் வேறொருவரோ ஓர் அமைப்போ விண்ணப்பிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே ஜமாஅத்தே அப்பணியை ஏற்கலாம். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குத் தமிழக அரசு வழங்கும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2023இல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவற்றிற்கெல்லாம் மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் தேவை. அழைத்துச் செல்ல ஒரு பெண் துணையும் வாகனமும் இன்மையால் அச்சான்றைப் பெறாமலே காலம் கழிப்போர் உண்டு.

கசப்பான ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். "நாங்கள்தானே பார்த்துக்கொள்கிறோம்" என்று கூறி, இத்தகைய பெண்ணின் வாரிசுப் பங்கைச் சகோதரர்கள் தமதாக்கிக்கொள்வது பல ஊர்களில் நிகழ்கிறது. அவளைப் பராமரிப்பது அவளுடைய சொத்துக்கான விலை ஆகாது. அல்லாஹ் விதித்த பங்கு உடற்குறையால் ஓர் அணுவும் குறையாது. அச்சொத்து அவள் பெயரில் இருந்தால், அதன் வருவாயே ஒரு பணிப்பெண்ணுக்கு ஊதியமாகும். எவரிடமும் அவள் கையேந்த வேண்டியதில்லை.

ஆதலால் பொதுக்குழுவின் முன் நான்கு காரியங்களை வைக்கிறோம்.

முதலாவது, ஆலிமாக்களும் மூத்த தாய்மார்களும் வீடுவீடாகச் சென்று தனிப் பதிவேடு தயாரித்தல். அதில் குறைபாட்டின் பெயரோடு நில்லாமல், எந்த வேளையில் எந்த உதவி தேவை, இப்போது செய்பவர் யார், அவருக்குப்பின் யார் என்பவற்றையும் அச்சகோதரியிடமே கேட்டு எழுத வேண்டும்.

இரண்டாவது, மஹல்லாவிலேயே வருவாயற்ற விதவைச் சகோதரிகள் சிலரைப் பயிற்றுவித்து, ஊதியத்துடன் துணையாளராக அமர்த்துதல். இதனால் இரு வீடுகளில் அடுப்பெரியும். ஊதியத்தைப் பொது ஸதகாவிலிருந்து வழங்கலாம். அச்சகோதரி ஜகாத் பெறத் தகுதியுடைய ஏழையாக இருப்பின், அதை அவர் கையிலேயே சேர்த்துவிடலாம். இதன் மார்க்க முறையை இமாம் ஹஜ்ரத் அவர்கள் வகுத்துத் தர வேண்டும்.

மூன்றாவது, வாரிசுப் பங்கீடு ஜமாஅத்தின் முன் வரும்போது, இத்தகைய பெண்ணின் பங்கு எழுத்தில் உறுதியான பின்னரே அதில் நிர்வாகம் கையொப்பமிடுதல்.

நான்காவது, நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்ற சலுகையையும், உளூ, தயம்மும் சட்டங்களையும் இவர்கள் இல்லங்களுக்கே சென்று ஆலிமாக்கள் கற்பித்தல். மதரஸாவுக்கு வர இயலாதவரைத் தேடி மதரஸா செல்லட்டும்.

இவற்றிற்குப் பெருந்தொகை தேவையில்லை. மாதந்தோறும் தவறாத சிறுதொகையும், நாள்தோறும் தவறாத இரு கரங்களுமே தேவை.

யா அல்லாஹ்! பிறர் துணையால் வாழும் எங்கள் சகோதரிகளின் மானத்தைக் காப்பாயாக! அவர்களுக்காக உறக்கம் துறந்த தாய்மார்களுக்கு நற்கூலி அருள்வாயாக! அவர்களின் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் தவ்ஃபீக்கை இந்த ஜமாஅத்திற்குத் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.