பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் எழுதிய கடிதங்கள்

1914ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பிள்ளைக் கூட்டம், வங்காளத்தில் தாகூர் நடத்திய சாந்திநிகேதன் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. டர்பன் நகருக்குப் பக்கத்தில் காந்தி தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். காந்தி அப்போது லண்டனில் இருந்தார். அவருடைய உறவினர் மகன்லால் காந்தி பிள்ளைகளை அழைத்து வந்தார். ஜோகன்னஸ்பர்க் தமிழர்களின் தலைவராக இருந்து, சத்தியாகிரகத்தில் பலமுறை சிறை சென்ற தம்பி நாயுடு, தம் மகன்கள் நால்வரைக் காந்தியிடம் ஒப்படைத்திருந்தார். அவர்களும் இந்தியா வந்த அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

இந்தப் பிள்ளைகளைப் பற்றித் தாகூர் எழுதிய இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று காந்திக்கு. உங்கள் பிள்ளைகள் தங்குவதற்கு எங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்தீர்களே என்று மனம் நிறைந்து நன்றி சொல்கிற கடிதம். இன்னொன்று நண்பர் சி. எஃப். ஆண்ட்ரூஸுக்கு. பிள்ளைகள் நல்லவர்கள்தான், ஆனால் இலட்சியம் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுப்பாடு வந்து உட்கார்ந்திருக்கிறது, கீழ்ப்படியப் பழகிப் பழகி எதையும் ஆசைப்படவே மறந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்ற பொருளில் அதில் எழுதுகிறார்.

இரண்டும் உண்மையான கடிதங்கள்தான். பள்ளி நடத்துவது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பேன். கல்விச் சீர்திருத்தக்காரர்களின் கட்டுரைகளையும் மேடைப் பேச்சுகளையும் நாம் நிறையப் படித்துவிட்டோம். அவற்றில் பள்ளி எப்போதும் அழகாக இருக்கும். கடிதத்தில்தான் சமையற்கட்டு வரும், கணக்குப் புத்தகம் வரும், யார் யாரை வணங்குவது என்ற தகராறு வரும். அந்த இடங்களில்தான் கொள்கை சோதிக்கப்படுகிறது.

வணங்குவது என்றதும் 1902ஆம் ஆண்டைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய டிசம்பரில்தான், ஐந்து மாணவர்களோடு, தாகூர் பள்ளியைத் தொடங்கியிருந்தார். 1902 நவம்பரில் குஞ்சலால் கோஷ் என்ற ஆசிரியருக்கு மிக நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அந்தப் பள்ளியின் சட்ட நூல் என்று சொல்லத்தக்கது அது. அந்தக் கோஷ் பிராமணர் அல்லர். பிராமணப் பிள்ளைகள் அவர் காலைத் தொட்டு வணங்கலாமா என்ற கேள்வி எழுந்தது. தாகூர் இன்னொரு ஆசிரியரான மனோரஞ்சன் பந்தோபாத்தியாயருக்கு எழுதிய பதிலில், இந்து சமூக வழக்கத்துக்கு மாறானது ஆசிரமத்தில் வேண்டாம், பிராமண ஆசிரியர்களுக்குக் காலைத் தொட்டு வணக்கம், மற்றவர்களுக்குக் கைகூப்பு என்று முடிவு சொன்னார்.

படிக்கும்போது நெஞ்சு சுருங்குகிறது. பிற்காலத்தில் அவர் இந்த நிலையைக் கடந்து எவ்வளவு தொலைவு வந்தார் என்பது உலகத்துக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கடிதம் காணாமல் போகாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். அவ்வளவு பெரிய கவிஞரும் பள்ளி மூடிவிடக் கூடாதே, பெற்றோர் பிள்ளையை அழைத்துப் போய்விடக் கூடாதே என்ற அச்சத்தில் எங்கே பணிந்தார் என்பதை அது காட்டிக் கொடுக்கிறது.

இதே அச்சம் இருபது ஆண்டு கழித்து நம் தாமிரபரணிக் கரைக்கு வந்தது. வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டார்கள். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்றார் ஐயர். காங்கிரஸின் பணமும் பொதுமக்களின் நன்கொடையும் பெற்ற பள்ளியில் இது எப்படி நடக்கலாம் என்று காங்கிரஸ் தலைவர்களான வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டார்கள். கொடுத்த வாக்கு அந்த இருவரோடு போகட்டும், இனிமேல் தனிப்பந்தி கேட்பவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று காந்தி சமரசம் சொல்லிப் பார்த்தார். அது எடுபடவில்லை. 1925 ஜூன் மாதம், பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போன ஐயரும் மறைந்தார். தமிழ்நாட்டின் அரசியலே அந்தப் பந்தியிலிருந்து திரும்பியது. சமைத்தவர் யார் என்று பார்த்துப் பிள்ளையைப் பள்ளிச் சாப்பாட்டைத் தொட விடாத பெற்றோர் பற்றிய செய்தி இன்றைக்கும் அவ்வப்போது நம் நாளிதழ்களில் வருகிறது. ஆகையால் 1902ஆம் ஆண்டுக் கடிதத்தைப் பழைய காகிதம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இனி 1915. காந்தி சாந்திநிகேதனுக்கு வந்தது பிப்ரவரி 17ஆம் தேதி. இரண்டாம் நாளே, அவர் தம் அரசியல் குருவாக மதித்த கோகலே காலமானதால் புனாவுக்குப் போய், மார்ச் மாதம் திரும்பி வந்தார். வந்தவர், இங்கே சம்பளச் சமையற்காரர்கள் எதற்கு, ஆசிரியரும் மாணவரும் தாங்களே சமைக்கலாமே என்று கேட்டுவிட்டார். மார்ச் 10ஆம் தேதி வேலை தொடங்கியது. ஏறக்குறைய 125 பிள்ளைகள். காய் நறுக்க ஒரு குழு, தானியம் புடைக்க ஒரு குழு, துப்புரவுக்கு ஒரு குழு. பாத்திரம் தேய்ப்பவர்களுக்கு அலுப்புத் தெரியாமல் இருக்க, சில மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிதார் வாசித்தார்களாம். காந்தி தம் சுயசரிதையில் இதை எழுதும்போது, பியர்சன் என்ற ஆங்கிலேய ஆசிரியர் களைக்காமல் நின்றதையும் சொல்கிறார், சிலர் சீக்கிரமே சோர்ந்து போனதையும் சொல்கிறார். சோதனை கொஞ்ச நாளில் நின்றுபோனது. இன்றும் மார்ச் 10 அங்கே காந்தி புண்ணியாகம் என்ற பெயரில் நடக்கிறது. அன்றைக்குப் பணியாளர்களுக்கு ஓய்வு, மாணவர்களும் ஆசிரியர்களும் பெருக்கிச் சமைக்கிறார்கள்.

கட்டுப்பாடு அதிகம் என்று ஆண்ட்ரூஸிடம் வருந்திய அதே தாகூர், இந்தச் சோதனையில் சுயராஜ்யத்தின் திறவுகோல் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லி வாழ்த்தினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மனத்தில் ஐயம் இருந்தது, ஆனால் கதவைச் சாத்தவில்லை. பள்ளி நடத்துகிறவர்களிடம் நான் தேடுகிற குணம் இது.

இங்கே நம் ஊர்ப் பக்கம் கொஞ்சம் வருகிறேன். பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் வகுப்பறைக்குள் நுழைந்தால் எத்தனை மொழிகள்! வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை இங்கே பரம்பரையாக உண்டு. இப்போது சிப்காட் கம்பெனிக்கும் செங்கல் சேம்பருக்கும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். பழவேற்காட்டு மீனவக் குப்பத்துப் பிள்ளையும் இருளர் பிள்ளையும் பேசுகிற தமிழே பாடப் புத்தகத் தமிழிலிருந்து வெகு தூரம். இந்த வகுப்பில் ஒற்றை ஆளாக நிற்கிற ஆசிரியைக்கு முன்னோடி யார் என்று கேட்டால், நான் டால்ஸ்டாய் பண்ணையைச் சொல்வேன்.

1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தியின் நண்பர் ஹெர்மன் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் அது எழுந்தது. அந்த ஆகஸ்டிலேயே காந்தி டால்ஸ்டாய்க்குக் கடிதம் எழுதிச் செய்தி சொன்னார். உழவர் பிள்ளைகளுக்காக 1859லேயே தம் ஊரில் பள்ளி திறந்து, அடியும் மிரட்டலும் இல்லாமல் நடத்திப் பார்த்தவர் டால்ஸ்டாய். பண்ணைப் பள்ளியில் தமிழும் உருதும் கற்பித்தவர் காந்தியேதான். அவருக்குத் தெரிந்த தமிழ், கப்பலிலும் சிறையிலும் ஜி. யு. போப்பின் கையேட்டை வைத்துக்கொண்டு படித்த அளவே. ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாது. ஆகவே அவர் அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தார். காலையெல்லாம் நிலத்தில் உழைப்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு. ஆசிரியரும் மாணவரும் தூக்கத்தோடு போராடினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். பிள்ளைகளைச் செய்யச் சொல்கிற வேலையை ஆசிரியரும் கூடவே செய்ய வேண்டும் என்பது பண்ணையின் விதி. முழுக்கத் தெரிந்த பிறகுதான் கற்பிக்கலாம் என்று அவர் காத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் தாய்மொழி எழுத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

கடிதம் எழுதும் கலையில் தாகூர், காந்தி இருவரில் யார் பெரியவர்? தாகூரின் கடிதத்தில் மொழி இருக்கிறது, மனத்தின் நிழல்கள் இருக்கின்றன. ஆனால் குறையை அவர் பெரும்பாலும் மூன்றாம் மனிதரிடம் சொல்கிறார். காந்தி சம்பந்தப்பட்டவரிடமே நேராகச் சொல்வார். அவருடைய மிகச் சிறந்த பள்ளிக் கடிதங்கள் 1930இல் எரவாடா சிறையிலிருந்து வந்தவை. அப்போது அவருடைய சபர்மதி ஆசிரமத்தை உறவினர் நாரண்தாஸ் காந்தி கவனித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாரமும் உண்மை, அகிம்சை, உடலுழைப்பு என்று ஒரு விரதத்தைப் பற்றிச் சிறையிலிருந்து கடிதம் வரும். பிரார்த்தனைக் கூட்டத்தில் அதைப் படிப்பார்கள். நேரில் போய் நிற்க முடியாதவர் எழுதிய கடிதம் என்பதால் ஒரு சொல்கூட வீண் இல்லை.

பிள்ளைகளும் அவருக்கு எழுதினார்கள். காந்தியின் செயலர் மகாதேவ தேசாயின் மகன் நாராயண் தேசாய் சிறுவனாக இருந்தபோது, கீதையில் அர்ஜுனன் சின்னக் கேள்வி கேட்டால் கிருஷ்ணன் ஓர் அத்தியாயமே பதில் சொல்கிறான், நாங்கள் இவ்வளவு எழுதினால் நீங்கள் ஒற்றை வரியில் முடிக்கிறீர்களே என்று கேட்டாராம். கிருஷ்ணனுக்கு ஓர் அர்ஜுனன்தான், எனக்கோ பல அர்ஜுனர்கள் என்று பதில் வந்ததாம். ஆசிரியரிடம் இப்படிக் கேட்கத் துணிகிற பிள்ளையை உருவாக்கிய பள்ளியைக் கட்டுப்பாட்டுப் பள்ளி என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

தாகூரின் கடைசிக் காலக் கடிதம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற இளைஞர் வேளாண்மை படித்துவிட்டு 1921இல் தாகூரிடம் வந்து, அடுத்த ஆண்டு சுரூலில் கிராமச் சீரமைப்பு நிலையம் தொடங்கியவர். 1924இல் ஏழைக் கிராமப் பிள்ளைகளுக்காக சிக்ஷா சத்ரா என்ற சிறு பள்ளி பிறந்தது. எல்ம்ஹர்ஸ்ட் பிறகு இங்கிலாந்து சென்று டார்டிங்டனில் தம் மனைவி டாரதியோடு புதுமைப் பள்ளி ஒன்றை நிறுவினார். அவருக்கு 1937 டிசம்பரில் தாகூர் எழுதினார்: சாந்திநிகேதனின் பள்ளியும் கல்லூரியும் நாட்டிலுள்ள மற்றப் பள்ளி கல்லூரிகளைப் போலவே ஆகிக்கொண்டிருக்கின்றன, இரவல் வாங்கிய கூண்டுகள் இவை, எனக்கு நம்பிக்கை சிக்ஷா சத்ராவின் மீதுதான். முப்பத்தாறு ஆண்டு உழைத்த ஒரு பள்ளியைப் பற்றி அதை நிறுவியவரே இப்படி எழுதினார். எந்த விழா மலரிலும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

அதே 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியின் தலைமையில் கல்வி மாநாடு கூடி, கைத்தொழில் வழிக் கல்வி என்ற ஆதாரக் கல்வி முறையை வகுத்தது. அடுத்த ஆண்டு உருவான இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்றவர் ஆரியநாயகம், இலங்கைத் தமிழர். தாகூரின் செயலராக இருந்துவிட்டு காந்தியிடம் வந்தவர். மனைவி ஆஷாதேவியும் உடன் உழைத்தார். தாகூரிடம் படித்து காந்தியிடம் வந்த ஜி. ராமச்சந்திரன், டாக்டர் சௌந்தரம் அம்மையாரோடு 1947இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார். கடிதங்களில் மோதிக்கொண்ட இரண்டு பள்ளிகளும் இவர்களுடைய வேலையில் கலந்துவிட்டன.

இந்தக் கடிதங்களில் எனக்கு ஒரு பெருங்குறை உண்டு. வேலையை விட்டு நிறுத்தப்பட்ட சாந்திநிகேதன் சமையற்காரர் என்ன நினைத்தார்? சேரன்மாதேவிப் பந்தியில் தள்ளி உட்கார வைக்கப்பட்ட பையன் அன்றிரவு வீட்டுக்கு என்ன எழுதியிருப்பான்? பெரியவர்கள் பெரியவர்களுக்கு எழுதியது பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. மற்றவர்களுடைய குரலை யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

இப்போது பள்ளிகளுக்கிடையே காகிதம் போகாத நாளில்லை. சுற்றறிக்கை, புள்ளிவிவரம், வாட்ஸ்அப்பில் படம். நிகழ்ச்சி நடந்தது என்பதற்கு அவை சாட்சி. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அவற்றில் இராது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் தினமும் வந்து போகிற ஆசிரியர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மீஞ்சூரில் வேலை பார்க்கும் உங்கள் தோழருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒடியா பேசும் பிள்ளை முதல்முறை தமிழில் என்ன கேட்டது, யார் பக்கத்தில் உட்கார யார் மறுத்தது, சத்துணவு சமைக்கும் அக்கா அதைப் பற்றி என்ன சொன்னார், நீங்கள் செய்து பார்த்ததில் எது பலிக்கவில்லை, எல்லாவற்றையும் எழுதுங்கள். பதில் வந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.