முன்பே இருந்த நோயும் தனியார் காப்பீடும்

(கட்சி உறுப்பினர் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதும் ஒரு தொழிலாளிக்கு நேர்வது என்ன என்பதிலிருந்தே இப்பொருளைத் தொடங்குவது பொருத்தம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த இஎஸ்ஐ திட்டம், "உமக்குச் சர்க்கரை நோய் உண்டா?" என்று அவரை ஒருபோதும் கேட்டதில்லை. ஊதியத்தில் 0.75 சதவீதம் அவர் செலுத்தினார், 3.25 சதவீதம் முதலாளி செலுத்தினார். அவருக்கும் குடும்பத்தாருக்கும் மருத்துவம் கிடைத்தது. ஆனால் அதன் ஊதிய உச்சவரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. சில நூறு ரூபாய் ஊதிய உயர்வு வந்ததும், நடப்புப் பங்களிப்புக் காலத்தோடு பங்களிப்பு நின்று, அதற்குரிய பலன் காலம் முடிந்ததும் அட்டை செல்லாததாகி விடுகிறது. வயது 45, பத்தாண்டுகளாக இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை. அவர் தனியார் காப்பீட்டுச் சந்தையின் வாசலில் நிற்கிறார். இஎஸ்ஐ மருந்தகம் தந்த மருந்துச் சீட்டே அங்கு அவருக்கு எதிரான சான்றாகிறது.

"முன்பே இருந்த நோய்" என்ற சொற்றொடருக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு வரையறை வைத்துள்ளது. பாலிசி தொடங்கும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் மருத்துவர் கண்டறிந்த நோய், அல்லது மருத்துவர் ஆலோசனையோ சிகிச்சையோ அளித்த நோய் என்பது அதன் சாரம். இத்தகைய நோய்க்கு நிறுவனம் காத்திருப்புக் காலம் விதிக்கலாம். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் அதன் உச்ச அளவை 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைத்தன. குறைந்தது நல்லதே, ஆனால் மாரடைப்புக்கு நாட்காட்டி தெரியாது. அந்த மூன்றாண்டும் பிரீமியம் மட்டும் முழுமையாகச் செல்கிறது. உரிய காலத்தில் புதுப்பிக்கத் தவறி, சலுகை நாட்களும் கடந்து விட்டால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். காப்பீட்டுத் தொகையை உயர்த்தினால், உயர்த்திய பகுதிக்கும் அதே கதை.

நோயை மறைத்தால் என்ன என்ற கேள்வி தோழர்களிடையே அடிக்கடி எழுகிறது. மறைக்கக் கூடாது. முகவர் "எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடுங்கள்" என்பார். கமிஷன் அவருக்கு, வழக்கு நோயாளிக்கு. தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடந்த பின், உண்மையை வெளியிடவில்லை என்ற காரணம் காட்டி கிளைமை மறுக்க இயலாது என்கிறது விதி. முன்பு இது 96 மாதங்களாக இருந்தது. ஆனால் மோசடி என நிரூபிக்கப்பட்டால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. மாறாக, சொன்னவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. சர்க்கரை நோயை வெளிப்படையாகத் தெரிவித்து வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்பீடு எடுத்த ஒருவருக்கு அமெரிக்கா சென்றிறங்கியதும் மாரடைப்பு வந்தது. "முன்பே இருந்த நோய்" என்று கூறி நிறுவனம் பணம் தர மறுத்தது. உடல்நிலையை அறிந்து, மதிப்பிட்டு, பாலிசி வழங்கிய பின் அதே நோயைக் காட்டி மறுக்க முடியாது என உச்சநீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அந்நிறுவனம் பொதுத்துறையைச் சேர்ந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சந்தை விதிகளுக்குள் தள்ளப்பட்ட பொதுத்துறையும் சந்தையின் பழக்கங்களைக் கற்றுக் கொள்கிறது.

இவை தனிமனிதக் கொடுமைகள் அல்ல, வணிகத்தின் இயல்பு. நோயற்றோரைச் சேர்த்து நோயுற்றோரைத் தவிர்ப்பதில்தான் தனியார் காப்பீட்டின் லாபம் உள்ளது. பொதுக் காப்பீடு 1972இல் தேசவுடைமையானது. 1986இல் பொதுத்துறை நிறுவனங்கள் மெடிகிளைம் பாலிசியைக் கொண்டு வந்தன. 1999ஆம் ஆண்டுச் சட்டம் தனியாருக்குக் கதவைத் திறந்தது. அந்நிய மூலதனத்துக்கு முதலில் 26 சதவீதம், 2015இல் 49, 2021இல் 74 என அனுமதி விரிந்தது. விளைவு ஆணையத்தின் ஆண்டறிக்கைகளிலேயே பதிவாகியுள்ளது. அண்மை ஆண்டுகளில் மருத்துவக் காப்பீட்டில் 100 ரூபாய் பிரீமியம் வாங்கிய பொதுத்துறை நிறுவனங்கள் 100 ரூபாய்க்கு மேல் கிளைமாகத் திருப்பித் தந்தன. மருத்துவக் காப்பீடு மட்டுமே நடத்தும் தனியார் நிறுவனங்கள் தந்தது 60 ரூபாய்க்குச் சற்று மேல். பொதுத்துறை நட்டத்தில் ஓடுகிறது என்று தலையங்கம் எழுதுவோர் இந்த இரு எண்களையும் ஒரே பத்தியில் எழுதுவதில்லை.

முன்பே இருந்த நோயை முதல் நாளிலிருந்தே ஏற்பது இயலாத காரியம் என்ற வாதமும் நிற்காது. இஎஸ்ஐ ஏற்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டமும் ஏற்கிறது. பெரிய நிறுவனங்கள் ஊழியருக்கு எடுக்கும் குழுக் காப்பீட்டில் அதே தனியார் நிறுவனங்களே பெரும்பாலும் ஏற்கின்றன. கூட்டாகச் சேர்ந்தால் நோய் சுமையாவதில்லை. தனித்தனியே பிரித்தால்தான் அது "ரிஸ்க்" ஆகிறது. ஆயுஷ்மான் பாரத்தின் குறைகள் வேறு: அது மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டுமே உதவும், அன்றாட மாத்திரைக்கு உதவாது, பொதுப் பணத்தைத் தனியார் மருத்துவமனைகளுக்கும் வாரி விடுகிறது. நம் 45 வயதுத் தொழிலாளியோ பெரும்பாலும் அதன் பட்டியலிலும் இல்லை. 70 வயது நிறைந்தோருக்கு 2024 அக்டோபரில் திறந்த வழிக்கு அவர் இன்னும் 25 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ஆகவே இஎஸ்ஐ ஊதிய உச்சவரம்பை உயர்த்தும் கோரிக்கை, ஊதியப் பேச்சுவார்த்தையின் ஓரத்தில் வைக்கத்தக்கதன்று. உயர்வு கையெழுத்தாகும் முன், யார் யார் வரம்பைத் தாண்டுகின்றனர் என்று ஆலைச் சங்கம் பட்டியல் எடுக்க வேண்டும். அவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் காத்திருப்புக் காலமற்ற குழுக் காப்பீட்டை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். வேலையை விட்டு விலகுவோர், அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறினால் ஏற்கெனவே கழிந்த காத்திருப்பு கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. சங்கம் சொல்ல வேண்டும்.

கிளைம் மறுக்கப்பட்டவர் முதலில் நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாக முறையிட வேண்டும். மீண்டும் மறுத்தாலோ ஒரு மாதம் பதிலில்லை என்றாலோ, காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் செல்லலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால் மறுப்பு வந்த ஓராண்டுக்குள் செல்ல வேண்டும். துயரத்தில் இருக்கும் குடும்பத்துக்குத் தேதி நினைவிராது. மறுப்புக் கடிதத்தின் நகலைக் கிளைச் செயலாளர் வாங்கி, அந்தத் தேதியைத் தம் குறிப்பேட்டில் எழுதிக் கொள்வது நல்லது.