இடம் மறுக்கப்பட்ட அவை
(கம்மாபுரத்தில் ஆற்றிய உரை)



இம்மாலை நாம் கூடவிருந்த மண்டபத்தில் நண்பகலிலேயே பூட்டுத் தொங்கியது. முன்பணம் திரும்பி வந்தது. கரணியம் மட்டும் வரவில்லை. கூட்டத்தை நிறுத்திவிடலாம் என்றனர் சிலர். விருத்தாசலத்தில் பேருந்தேறிவிட்டவர்க்கு யார் சொல்வது? நெய்வேலிச் சுரங்கத்தில் முறைவேலையை மாற்றிக்கொண்டு வருகின்றவர்க்கு என்ன விடை? ஆகவே இவ்வேப்பமரத்தடியே அவையாயிற்று.

1974 சனவரி 10-ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் நான்காம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவு. கொழும்பிலேயே நடத்துக என்ற அரசின் நெருக்குதலுக்கு வளையாமல், பேராசிரியர் வித்தியானந்தன் தலைமையிலான குழு அதனை அங்கு நடத்தியது. அன்று மாலை வீரசிங்கம் மண்டபம் மக்கள் வெள்ளத்தைக் கொள்ளவில்லை. திறந்தவெளி அரங்கின் கதவோ பூட்டிக் கிடந்தது. குழுவினர் கூட்டத்தைக் கலைத்தனரா? இல்லை. மண்டபத்தின் வெளியே மேடையிட்டனர். மக்கள் புல்தரையில் அமர்ந்தனர். திருச்சிப் பேராசிரியர் நயினார் முகமது பேசிக்கொண்டிருக்கையில் காவல்துறை உட்புகுந்தது. கண்ணீர்ப்புகை, துமுக்கி வெடி, அறுந்து வீழ்ந்த மின்கம்பி. ஒன்பதின்மர் மாண்டனர்.

கூட்டத்தை ஒத்திவைத்திருக்கலாமே என்று அக்குழுவினரைக் குறை கூறுவாரும் உளர். அடைத்த கதவுக்கும் வெடித்த துமுக்கிக்கும் அமர்ந்து கேட்டவனா பொறுப்பு?

நமக்கு நேர்ந்த இழப்பு ஓர் ஒலிபெருக்கியே. பின்னிருப்போர் நெருங்கி வந்து அமருங்கள். பேருந்து நிறுத்தத்தில் தம்பியர் இருவர் நிற்கின்றனர். வருவோரை இங்கு அழைத்து வருவர். அவர்களுக்கும் சற்று இடம் விடுங்கள்.