பொற்கொல்லர் தெருவும் அதன் குடிகளும்

 

மலாக்காவின் பழைய நகர்ப்பகுதியில் ஜாலான் துக்காங் எமாஸ் என்னும் குறுகிய தெரு உண்டு. பொற்கொல்லர் தெரு என்பது அதன் பொருள். டச்சுக்காரர் ஆட்சியில், 1781ஆம் ஆண்டு, மலாக்காச் செட்டிச் சமூகத் தலைவருக்கு அளிக்கப்பட்ட நிலத்தில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அங்குதான் உள்ளது. அருகிலேயே 1748இல் மரத்தால் எழுப்பப்பெற்று, 1872இல் செங்கல்லால் கட்டப்பெற்ற கம்போங் கிளிங் பள்ளிவாசல். தெருவின் தொடர்ச்சியில், 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்று சமயத்தாரும் ஒரே தெருவில் அண்டை வீட்டாராய் வாழ்ந்ததற்கு இவையே சான்று.

இவற்றுக்கிடையே நிற்பவை கடைவீடுகள். முன்னே அஞ்சடி, கீழே தொழில், மேலே குடும்பம், நடுவே வானம் பார்த்த முற்றம். காற்றும் வெளிச்சமும் அம்முற்றத்தின் வழியே வரும். சுவர்களில் பூசிய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியேறவிடும்; அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் செங்கல்லை அரித்துவிடும். பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதற்கும் தனி அறிவு வேண்டும்.

1948 ஜனவரி 31ஆம் நாளுக்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உயரவிடாமல் காத்தது. குறைந்த வாடகையில் பழுதுபார்க்க இயலாத உரிமையாளர்களின் குறையிலும் நியாயம் இருந்தது. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இடைக்காலச் சலுகையும் 1999 இறுதியில் முடிந்தது. உயர்ந்த வாடகையைத் தாங்கமாட்டாமல் கைவினைஞரும் சிறு வணிகரும் வெளியேறினர். ஆளில்லா வீடுகள் சிலவற்றில் கூட்டுக்காகக் குருவி வளர்க்கத் தொடங்கினர்.

2008இல் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. சுவருக்கும் கூரைக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால், போன குடிகளை எந்தப் பட்டியல் திருப்பி அழைக்கும்?

மாசி மகத்தன்று பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து முருகப்பெருமானின் தேர் செங் சன்னாசிமலைக்குப் புறப்படும். தேருக்கு அர்ச்சனைத் தட்டுடன் வாசலில் காத்து நிற்க வீட்டில் மனிதர் வேண்டும். பூட்டிய கதவு தீபாராதனை காட்டாது.

ஆலயங்கள் சிலவற்றுக்கும் சொந்தக் கடைவீடுகள் உண்டு. அவற்றின் வாடகையை முடிவு செய்யும் நிர்வாகத்தினர், வருவாயோடு பூக்கடைக்காரரையும் பொற்கொல்லரையும் எண்ணிப் பார்த்தல் நலம். குடிகள் நிலைத்தால் தெரு நிலைக்கும். தெரு நிலைத்தால் திருவிழாவும் நிலைக்கும்.