அந்தப் பாக்ஸில் மட்டும்

புது டிவி வாங்கப் போகிறீர்களா? கடையில் எல்லாரும் திரையைத்தான் பார்ப்போம். நிகழ்ச்சியைப் பதிவு செய்வது பற்றிக் கேட்டீர்களா?

டிவியோடு இணைத்த செட்டாப் பாக்ஸில் பென் டிரைவைச் செருகிப் பதிவு செய்வோம். அந்தப் பதிவு பெரும்பாலும் அந்தப் பாக்ஸில் மட்டும்தான் ஓடும். பக்கத்து வீட்டில் ஓடாது. கம்ப்யூட்டரிலும் ஓடாது. அந்தப் பாக்ஸில் மட்டும்தான். பாக்ஸ் பழுதாகி மாற்றினால், பேரன் டிவியில் பாடிய பாட்டும் போச்சு!

இன்னொன்று. முதல் தடவை செருகும்போது, 'ஃபார்மட் செய்யலாமா?' என்று பல பாக்ஸ்கள் கேட்கும். சரி என்று அழுத்தினால் உள்ளே இருக்கிற கல்யாண போட்டோவெல்லாம் அழிந்துவிடும். பதிவுக்கென்று காலி பென் டிரைவ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.